ஐஸ் பிளான்ட் பம்ப்: கடைக்காரர் பில்லா, கரண்ட் பில்லா?

நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டேன். கடிதம் ஆறு பக்கம், கூடவே இரண்டு கொட்டேஷன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

அப்பா தொடங்கிய ஐஸ் பிளான்ட். நாளைக்கு 40 டன், அதாவது 50 கிலோ பார் 800. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபின் போன வருஷத்திலிருந்து இவர்தான் நடத்துகிறார். மெஷின் பக்கம் 20 வருஷமாக நிற்பவர் இவருடைய சித்தப்பா. அமோனியா வாயுவின் சூட்டைத் தண்ணீரில் இறக்கும் கண்டென்சருக்கும் அந்தத் தண்ணீரை ஆறவைக்கும் கூலிங் டவருக்கும் நடுவே தண்ணீரைச் சுற்றவிடும் 15 எச்.பி. பம்ப்தான் இப்போது தலைவலி. இரண்டு வருஷத்தில் மூன்று தடவை காயில் எரிந்துவிட்டது. கடைசித் தடவை நல்ல சீசனில் எரிந்து, இரண்டு நாள் பிளான்ட் நின்று, வழக்கமாக எடுக்கும் படகுக்காரர்கள் வேறு இடத்தில் ஐஸ் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது அவர் முன்னால் மூன்று யோசனை. ஒன்று, மறுபடியும் 9,500 ரூபாய்க்குக் காயில் கட்டுவது. இரண்டு, அதே 15 எச்.பி. பம்பையே புதிதாக 48,000 ரூபாய்க்கு வாங்குவது. சித்தப்பா சொல்வது இதைத்தான். மூன்று, வேறொரு விற்பனையாளர் தரும் 10 எச்.பி. பம்ப், 95,000 ரூபாய். "ஐந்து எச்.பி. குறைவு, விலை மட்டும் இரண்டு மடங்கு, இதை எப்படி சித்தப்பாவிடம் சொல்வது?" என்று கேட்கிறார். 15 எச்.பி.யில் வால்வைப் பாதி மூடி ஓட்டுவதால் கரண்டும் பாதிதானே ஆகும், எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத எஃகில் இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) போட்டால் உப்புத் தண்ணீர் தாங்கும்தானே, ஏதாவது பிரச்சினை என்றால் நுகர்வோர் கோர்ட் இருக்கிறதே என்று உபகேள்விகளும் உண்டு.

அம்மா, முதலில் உங்களுக்கு ஒரு பாராட்டு. பம்ப் பற்றி எனக்கு வருகிற கேள்விகளில் பத்துக்கு ஒன்பதில் எச்.பி.யும் விலையும் மட்டும்தான் இருக்கும். நீங்கள் அம்பியர் (19), வால்வுக்கு முன்னால் கேஜ் காட்டுவது (3 கிலோ), வால்வுக்கு அப்புறம் காட்டுவது (2 கிலோ), கண்டென்சருக்குள் போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் (4 டிகிரி), டெலிவரி பைப் (மூன்று இன்ச், சுமார் 40 மீட்டர்) என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள், மீதியை நான் கூட்டிக் கழித்துக் காட்டுகிறேன்.

எச்.பி.யை மறந்துவிட்டுத் தண்ணீரை எண்ணுங்கள்

நம் டெல்டாவில் பம்ப் என்றாலே எச்.பி. பேச்சுதான். வயல் போருக்கு இலவச மின்சாரம், மீட்டரைப் பார்த்து யாரும் கவலைப்படுவதில்லை, அதனால் "பெரிசா போடு, தண்ணி நல்லா வரும்" என்பதே பழகிப்போனது. உங்கள் சித்தப்பா அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஐஸ் பிளான்டில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் காசு.

எச்.பி. என்பது மோட்டாரின் கொள்ளளவு, அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டியது இரண்டு எண்கள்: மணிக்கு எத்தனை கனமீட்டர் தண்ணீர், அதை எத்தனை மீட்டர் ஹெட்டுக்கு (ஏற்ற வேண்டிய உயரமும் வழியில் பைப்பின் எதிர்ப்பும் சேர்ந்தது) தள்ள வேண்டும். முதல் எண்ணை உங்கள் ஐஸிலிருந்தே எடுக்கலாம். நாளைக்கு 40 டன் ஐஸ் உறைய, நம் ஊர் வெயில் தண்ணீரில் தொடங்கி, வழியில் போகும் குளிர்ச்சியையும் சேர்த்தால் ஏறக்குறைய 75 டன் ரெஃப்ரிஜரேஷன் (குளிரூட்டும் திறனை அளக்கும் அலகு, ஐஸின் எடை இல்லை) வேண்டும். கம்ப்ரஸரின் சூட்டையும் சேர்த்துக் கண்டென்சர் வெளியே தள்ளுவது சுமார் 330 கிலோவாட். தண்ணீர் 4 டிகிரி சூடாகி வருகிறது என்றால் மணிக்கு 72 கனமீட்டர் ஓடுகிறது என்று கணக்கு வந்துவிடும். ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம், முடிவு மாறாது.

இரண்டாவது எண், ஹெட். ஒரு கிலோ பிரஷர் என்றால் பத்து மீட்டர். உங்கள் பம்ப் 30 மீட்டர் ஹெட் கொடுக்கிறது, வால்வுக்கு அப்புறம் 20 மீட்டர்தான் மிச்சம். நடுவில் காணாமல் போன பத்து மீட்டரை நீங்கள் காசு கொடுத்து உண்டாக்கி, அந்த வால்விலேயே கொன்றுவிடுகிறீர்கள்.

சூத்திரம் ஒன்றே ஒன்று, ஞாபகம் வைத்துக்கொண்டால் எந்த விற்பனையாளரும் உங்களை ஏமாற்ற முடியாது: கனமீட்டரை ஹெட்டால் பெருக்கி 367ஆல் வகுத்தால் தண்ணீருக்குப் போய்ச் சேரும் கிலோவாட். அதைப் பம்பின் திறனாலும், அப்புறம் மோட்டாரின் திறனாலும் வகுத்தால் மீட்டரில் ஓடும் கிலோவாட்.

உங்கள் பழைய பம்ப்: 72 × 30 ÷ 367, அது 5.9. பம்பின் திறன் 60 சதவீதம், மூன்று தடவை காயில் கட்டின மோட்டார் 88 சதவீதம் என்று தாராளமாகவே வைத்தாலும் 11.15 கிலோவாட் வருகிறது. நீங்கள் எழுதிய 19 அம்பியரை 415 வோல்ட்டிலும் 0.82 பவர் ஃபேக்டரிலும் போட்டுப் பார்த்தேன், 11.2. இரண்டு பக்கமும் கணக்கு ஒத்துப்போகிறது, அதனால் உங்கள் கேஜையும் நம்பலாம், என் ஊகத்தையும் நம்பலாம்.

10 எச்.பி. பம்ப்: கொட்டேஷனில் 72 கனமீட்டர், 20 மீட்டரில் 74 சதவீதம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். மோட்டார் ஐஇ3 (மோட்டார் திறனுக்கான தர வகுப்பு), 90.4 சதவீதம். 5.86 கிலோவாட் போதும். அதே தண்ணீர்தான் டவருக்குப் போகும், ஒரு சொட்டு குறையாது. சித்தப்பாவின் பயத்துக்கு இதுதான் பதில்.

வருஷக் கணக்கு

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அதைக் கழித்து, தடைக்கு உட்படாத ஃபைபர் படகுக்காரர்களுக்காக நடுவில் கொஞ்சம் ஓட்டுவதையும் ஐப்பசி, கார்த்திகைப் புயலில் நிற்கும் நாட்களையும் ஒன்றுக்கொன்று சரிக்கட்டி, 300 நாள், நாளைக்கு 20 மணி நேரம், ஆக 6,000 மணி என்று வைத்துக்கொள்கிறேன். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்பது கணக்குக்காக நான் வைத்த விலை. உங்கள் பில்லின் மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் எண்ணை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். உயரழுத்த இணைப்பாக இருந்தால் பீக் ஹவர் கூடுதலும் அதில் சேர்ந்துவிடும்.

15 எச்.பி. வருஷத்துக்கு 66,900 யூனிட், 5.35 லட்சம் ரூபாய். 10 எச்.பி. 35,160 யூனிட், 2.81 லட்சம். வித்தியாசம் இரண்டரை லட்சத்துக்கு மேல். கூடுதலாகக் கொடுக்கும் 47,000 ரூபாய் இரண்டேகால் மாதத்தில் திரும்பி வந்துவிடுகிறது.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். 48,000 ரூபாய் பம்ப் புதிது, அது உங்கள் பழையதைவிடக் கொஞ்சம் குறைவாக இழுக்கலாம். பத்து கிலோவாட் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் வருஷத்துக்கு இரண்டு லட்சம் வித்தியாசம் நிற்கிறது. இன்னொரு விதமாகவும் பாருங்கள்: அந்த 15 எச்.பி. பம்ப் பத்து வருஷத்தில் தின்னப்போகும் கரண்ட் ஐம்பது லட்சத்தைத் தொடும். பம்பின் விலையோ அதில் நூற்றுக்கு ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயில் பேரம் பேசத்தான் நாம் கடை கடையாக ஏறி இறங்குகிறோம்.

பம்ப் தொழிலில் இதற்கு ஆயுள்காலச் செலவு என்று பெயர். அமெரிக்காவின் ஹைட்ராலிக் இன்ஸ்டிட்யூட்டும் ஐரோப்பாவின் யூரோபம்ப்பும் சேர்ந்து 2001ல் இதற்கு ஒரு வழிகாட்டியே போட்டன. வாங்கும் விலை, பொருத்தும் செலவு, மின்சாரம், ஓட்டும் ஆள், பராமரிப்பு, நின்றுபோகும் நஷ்டம், சுற்றுச்சூழல் செலவு, கடைசியில் கழற்றி அப்புறப்படுத்துவது என்று எட்டு தலைப்பு. உங்கள் அளவுக்கு மின்சாரம், பராமரிப்பு, நிற்கும் நஷ்டம் மூன்றும்தான் பேசும், மற்றவை சில்லறை.

நிற்கும் நஷ்டத்தில் உங்கள் கணக்கைச் சற்றே திருத்த வேண்டும். இரண்டு நாளில் 1,600 பார் போனதால் அவ்வளவு விற்பனைத் தொகையும் நஷ்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு நாளும் கம்ப்ரஸர் ஓடவில்லையே, அந்தக் கரண்ட் மிச்சம்தானே? அதைக் கழித்துப் பாருங்கள், நஷ்டம் குறையும். ஆனால் வேறு இடத்துக்குப் போன படகுக்காரர் அங்கேயே கணக்கு வைத்துக்கொண்டால் அந்த நஷ்டத்தை எந்தச் சூத்திரத்திலும் போட முடியாது, அது உங்களுக்கே தெரியும்.

வால்வைப் பாதி மூடினால் கரண்ட் பாதியா?

இல்லை. வால்வை நெருக்கும்போது தண்ணீர் குறைகிறது, ஆனால் ஹெட் ஏறுகிறது, பம்பின் திறனும் இறங்குகிறது, அதனால் கரண்ட் கொஞ்சம்தான் குறையும். உங்கள் பம்பில் 30க்குப் 10 மீட்டர் வால்விலேயே போகிறது, மூன்றில் ஒரு பங்கு. அதாவது 3.7 கிலோவாட், வருஷத்துக்கு 22,300 யூனிட், ஏறக்குறைய 1.78 லட்சம் ரூபாய். அந்தச் சின்ன இரும்புச் சக்கரத்துக்கு நீங்கள் ஒரு ஆள் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

காயில் எரிந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்பது என் சந்தேகம். "ராத்திரி ஷிப்டில் மோட்டாருக்கு சுமை குறையட்டும் என்று வால்வை முழுசாகத் திறந்துவிடுவார்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சென்ட்ரிஃப்யூகல் பம்பில் நடப்பது நேர் எதிர். வால்வைத் திறந்தால் எதிர்ப்பு குறைந்து தண்ணீர் கூடுகிறது, தண்ணீர் கூடினால் மோட்டார் கூடுதலாக இழுக்கிறது. அதோடு ராத்திரியில் வோல்டேஜ் இறங்கினால் அம்பியர் இன்னும் ஏறும். ஓவர்லோடு ரிலேயை (கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் கருவி) யாராவது மேலே ஏற்றி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ட்ரிப் ஆகிறதே என்று எரிச்சலில் ஏற்றிவைப்பது எல்லா பிளான்டிலும் நடக்கிற கூத்து.

மறுபடி காயில் கட்டும் 9,500 ரூபாய் யோசனையை நான் ஆதரிக்கவில்லை. பழைய காயிலை எடுக்க நெருப்பு வைத்துச் சுடும்போது உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகளின் பூச்சும் சேர்ந்து கெடுகிறது, ஒவ்வொரு தடவையும் மோட்டார் கொஞ்சம் அதிகம் சூடாகும், கொஞ்சம் அதிகம் தின்னும். நான்காவது தடவை கட்டினால் ஐந்தாவது தடவைக்கு நாள் குறித்தாயிற்று என்று அர்த்தம்.

அப்புறம் அந்தச் சத்தம். "கூழாங்கல்லை டின்னில் போட்டு உருட்டுவது மாதிரி" என்று எழுதியிருக்கிறீர்கள், சித்தப்பா அதைப் பேரிங் சத்தம் என்று இரண்டு தடவை பேரிங் மாற்றியும் போகவில்லை. பேரிங் சத்தம் விடாமல் ஒரே சுருதியில் உறுமும். கூழாங்கல் சத்தம் பெரும்பாலும் உறிஞ்சும் பக்கம் தண்ணீர் போதாததால் உள்ளே நீராவிக் குமிழ் உண்டாகி உடைகிற சத்தம். டவர் தொட்டியில் பாசி அடைத்த வலை, குறைந்த நீர்மட்டம், பம்பின் வாயை ஒட்டியே போட்ட எல்போ, இந்த மூன்றையும் பாருங்கள். முக்கியமாக, வால்வை முழுசாகத் திறக்கும் ராத்திரியில்தான் சத்தம் கூடுகிறதா என்று கேட்டுச் சொல்லுங்கள். இதைச் சரிசெய்யாமல் எந்த விலைப் பம்பை வைத்தாலும் இம்பெல்லர் அரித்துக்கொண்டே போகும்.

கொட்டேஷனில் இல்லாத ஒரு வழி

இப்போது நான் சொல்லப்போவது எந்தப் பம்ப் விற்பனையாளரும் சொல்லாதது, சொல்ல அவருக்கு அவசியமும் இல்லை. பம்பை முடிவு செய்வதற்கு முன்னால் உங்கள் மூன்று இன்ச் பைப்பைப் பாருங்கள்.

மணிக்கு 72 கனமீட்டர் மூன்று இன்ச்சில் ஓடினால் வேகம் நொடிக்கு 4 மீட்டர். அதிகபட்சம் இரண்டரைக்குள் இருந்தால் நல்லது. பைப்பில் உரசலால் போகும் ஹெட், விட்டத்தின் ஏறக்குறைய ஐந்தாம் அடுக்கில் மாறுகிறது, அதனால் மூன்று இன்ச்சை (80 மி.மீ.) நாலு இன்ச் (100 மி.மீ.) ஆக்கினால் உரசல் மூன்றில் ஒரு பங்காகிவிடும். உங்கள் 40 மீட்டருக்குக் கணக்குப் போட்டால், இப்போது பைப்பில் மட்டும் ஒன்பது மீட்டருக்கு மேல் போகிறது, நாலு இன்ச்சில் அது மூன்று மீட்டர் சொச்சம். ஆக உங்களுக்கு வேண்டிய ஹெட் 20 இல்லை, 14 போதும்.

14 மீட்டருக்கு 7.5 எச்.பி. மோட்டார் தாராளம். அதே 74 சதவீதப் பம்ப், 89.6 சதவீத ஐஇ3 மோட்டார் என்றால் மீட்டரில் 4.14 கிலோவாட். வருஷத்துக்கு 24,840 யூனிட், இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. 10 எச்.பி. பம்பைவிட இன்னும் 82,000 ரூபாய் மிச்சம். பைப்புக்கும் ஃபிட்டிங்குக்கும் கூலிக்கும் உள்ளூரில் விலை கேளுங்கள். ஒன்றரை வருஷத்துக்குள் திரும்பும் தொகையாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், செய்துவிடுங்கள். ஆனால் வரிசை முக்கியம். முதலில் பைப், அப்புறம் அதற்கேற்ற பம்ப். 20 மீட்டர் பம்பை இன்று வாங்கிவிட்டு அடுத்த வருஷம் பைப்பை மாற்றினால் மறுபடி வால்வை நெருக்கத்தான் வேண்டியிருக்கும், பழைய கதை புதுப் பம்பில் தொடரும்.

"பின்னால் 60 டன் ஆக்கினால் பெரிய பம்ப் உதவுமே" என்கிறார் உங்கள் தம்பி. ஆக்கும்போது பக்கத்தில் இன்னொரு பம்ப் வைத்துக்கொள்ளலாம், அதற்கு இடமும் பைப்பில் மூடி போட்ட ஒரு இணைப்பு வாயும் (டம்மி பிளேஞ்ச்) விட்டுவையுங்கள். என்றோ வரப்போகும் 20 டன்னுக்காக இன்றிலிருந்து கரண்ட் கட்டுவானேன்? வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வைத்தால் பாதிக்குப் பாதி மிச்சம் என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வேகத்தைக் குறைத்தால் பவர் மூன்றாம் அடுக்கில் குறையும் என்பது உரசல் ஹெட்டுக்கு உண்மை, டவர் உயரத்துக்கு அது பொருந்தாது. அதுவும் உங்களுடையது நாள் முழுக்க ஒரே அளவு தண்ணீர் கேட்கும் வேலை. சரியான அளவுப் பம்பை வாங்கிவிட்டால் வி.எஃப்.டி.க்கு அங்கே வேலையே இல்லை, அதுவும் தன் பங்குக்கு இரண்டு மூன்று சதவீதம் தின்னும்.

எஸ்.எஸ். என்றாலே துருப்பிடிக்காதா?

உங்கள் போர் தண்ணீரே உப்பு. கூலிங் டவரில் தண்ணீர் ஆவியாக ஆக உப்பு இன்னும் கெட்டிப்படும். வார்ப்பிரும்பு இம்பெல்லர் இதில் சீக்கிரம் தேயும், தேய்ந்தால் வேர் ரிங் (இம்பெல்லருக்கும் பம்பின் கூட்டுக்கும் நடுவே இருக்கும் வளையம்) இடைவெளி பெரிதாகி, தள்ளிய தண்ணீரே உள்ளுக்குள் திரும்பிச் சுற்றும், 74 சதவீதம் என்று வாங்கியது சத்தமில்லாமல் 65க்கு இறங்கும். எஸ்.எஸ்.ஸில் 304 என்பது உப்பில் புள்ளி புள்ளியாக அரிக்கும், 316 அதைவிடத் தாங்கும். அரிப்பு அதிகம் நடப்பது பம்ப் ஓடும்போது இல்லை, நிற்கும்போது. தடைக்காலத்தில் இரண்டு மாதம் உப்புத் தண்ணீர் உள்ளேயே தேங்கி நின்றால் 316கூடத் தப்பாது. வெண்கல இம்பெல்லர், 316 ஷாஃப்ட் ஸ்லீவ் என்று கேளுங்கள், உங்கள் தண்ணீருக்கு அது போதும். பிளான்டை நிறுத்தும் அன்றே பம்பை வடித்து, நல்ல தண்ணீரில் ஒரு தடவை அலசி விடுங்கள். மோட்டாரைத் திரும்பப் போடும் முன் மெகரில் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) இன்சுலேஷன் பாருங்கள், ஒரு மெகாஓமுக்குக் கீழே இருந்தால் உலர்த்தாமல் சுவிட்சைத் தொடக்கூடாது. கடல் காற்றில் இரண்டு மாதம் சும்மா கிடந்த மோட்டார் ஜூன் 15 காலையில் எரிவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பார்த்திருக்கிறேன், அன்றைக்கென்று எலக்ட்ரீஷியனும் கிடைக்க மாட்டார்.

விலை கூடின பம்பிலும் ஒரு சிக்கல் உண்டு, மறைக்கவில்லை. மெக்கானிகல் சீல் (ஷாஃப்ட் வழியே தண்ணீர் கசியாமல் தடுப்பது) போனால் சித்தப்பா கயிறு சுற்றி ஒப்பேற்ற முடியாது, உதிரி கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டியிருக்கும். அதனால் வாங்கும்போதே ஒரு செட் சீல், ஒரு செட் பேரிங், ஒரு வேர் ரிங் சேர்த்து வாங்கி அலமாரியில் வையுங்கள். பழைய 15 எச்.பி.யைக் கிலோ கணக்கில் போட்டுவிடாதீர்கள், அது ஸ்டாண்ட்பை. கண்டென்சருக்குத் தண்ணீர் நின்றால் அமோனியா பிரஷர் ஏறி சில நிமிஷத்தில் கம்ப்ரஸர் ட்ரிப் ஆகும், அப்போது கையில் இன்னொரு பம்ப் இருப்பதுதான் காப்பீடு. அதற்கு மட்டும் காயில் கட்டுவதானால் கட்டுங்கள். வருஷத்தில் நூறு மணி நேரம் ஓடப்போகும் பம்புக்குத் திறன் பார்ப்பது வீண். பம்ப் கம்பெனி சொல்லும் வரம்புக்குள் அதன் இம்பெல்லரை லேத்தில் கொஞ்சம் சுருக்கிவிட்டால் வால்வில் நெருக்கும் அளவும் குறையும்.

கோர்ட், வாரண்டி, வாய்ச்சொல்

நான் பொறியாளன், வக்கீல் இல்லை, ஆனாலும் இதில் அடிபட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவர் நுகர்வோர் ஆக மாட்டார். சுயதொழிலில் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்குபவருக்கு விலக்கு உண்டு, ஆனால் 14 பேர் வேலை பார்க்கும் ஐஸ் பிளான்ட் அந்த விலக்குக்குள் வருவது கஷ்டம். அந்தக் கதவை நம்பி வாங்காதீர்கள்.

உங்களுக்கு இருக்கும் பலம் வேறு இடத்தில். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16வது பிரிவு, வாங்குபவர் என்ன வேலைக்கு என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட பிராண்டைப் பெயர் சொல்லி நீங்களே கேட்டு வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கழன்றுவிடலாம். அதனால் ஆர்டரில் "15 எச்.பி. பம்ப் ஒன்று" என்று எழுதாதீர்கள். ஐஸ் பிளான்ட் கண்டென்சருக்கு, உப்புத் தன்மையுள்ள தண்ணீர், மணிக்கு இத்தனை கனமீட்டர், இத்தனை மீட்டர் ஹெட், அந்தப் புள்ளியில் பம்பின் திறன் இத்தனை சதவீதம், இம்பெல்லர் இன்ன உலோகம், மோட்டார் ஐஇ3, வாரண்டி இத்தனை மாதம், பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருவார் என்று எழுதி, அதன் கீழே விற்பவரின் கையெழுத்தை வாங்குங்கள். கேட்லாக்கில் கொட்டை எழுத்தில் இருக்கும் திறன், பம்பின் உச்சத் திறன். உங்கள் புள்ளியில் என்ன என்பது, தண்ணீரின் அளவுக்கு ஏற்ப ஹெட்டும் திறனும் மாறுவதைக் காட்டும் பம்பின் வளைகோட்டில்தான் தெரியும். பம்ப் சோதனைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 9906 முறையில் சோதித்த அறிக்கை தருவீர்களா என்றும் ஒரு வரி கேளுங்கள். தயங்கினால் அதுவே ஒரு பதில்.

பழக்கமான கடைக்காரர் மனம் நோகுமே என்று தயங்குகிறீர்கள். இதே தாளை அவரிடமும் கொடுங்கள். இந்தப் புள்ளிக்கு அவரும் நல்ல பம்ப் கொடுத்தால் அவரிடமே வாங்கலாமே, யார் வேண்டாம் என்றது?

சித்தப்பா விஷயம். கணக்கை எழுதிக் காட்டி அவரை ஜெயிக்கப் பார்க்காதீர்கள், 20 வருஷம் அந்தச் சத்தத்தோடு வாழ்ந்தவர், காகிதத்தைப் பார்த்து ஒப்புக்கொள்ள மாட்டார். ஒரு டாங் டெஸ்டரை (ஒயரைக் கவ்வி அம்பியர் காட்டும் மீட்டர்) அவர் கையிலேயே கொடுத்து, வால்வு பாதி மூடியிருக்கும்போது ஒரு தடவை, முழுசாகத் திறந்து ஒரு தடவை அம்பியர் பார்க்கச் சொல்லுங்கள். திறந்ததும் ஏறுவதை அவரே பார்க்கட்டும். அப்புறம் கேஜ் இரண்டையும் காட்டி, இந்த ஒரு கிலோ எங்கே போகிறது சித்தப்பா என்று கேளுங்கள், மீதியை அவரே சொல்லிவிடுவார். பைப் மாற்றுவதையும் அவர் பொறுப்பிலேயே விடுங்கள், எங்கே எல்போ அதிகம், எங்கே வளைவை நேராக்கலாம் என்று என்னைவிட அவருக்குத்தான் தெரியும்.

பைப்பை இப்போது அறுத்து பிளான்டை நிறுத்த வேண்டாம். தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15க்கு நாள் குறியுங்கள், அதுவரை இப்போதிருக்கும் பம்பை வால்வை முழுசாகத் திறக்காமல் ஓட்டுங்கள், ராத்திரி ஷிப்டுக்கும் சொல்லிவிடுங்கள். மார்ச்சுக்குள் ஆர்டர் கொடுத்தால் பைப் வேலை முடியும்போது பம்ப் வந்து சேரும். நடுவில் எனக்கு மூன்று விவரம் அனுப்புங்கள்: தொட்டித் தண்ணீர் மட்டத்துக்கும் டவர் தலைக்கும் உள்ள உயரம், பைப்பில் எத்தனை எல்போ, கடைசி ஆறு மாதக் கரண்ட் பில். 14 மீட்டர் என்பதை 13 ஆக்கலாமா, 15 ஆக்க வேண்டுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.